மாறிப்போன ரீல்

என் மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பா இருக்கிறது. அதற்குள் நாலு கட்டம் உள்ள ஒரு துண்டு ஃபிலிம். கறுப்பு வெள்ளை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், சாய்ந்துகொண்டிருக்கும் ஓர் ஆணின் தோளும் பாதி முகமும் தெரியும். நாலு கட்டத்திலும் அதே ஆள், அதே சாய்வு. கூர்ந்து பார்த்தால் நாலாவது கட்டத்தில் தோள் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கும். ஒரு விநாடிக்கு 24 கட்டம் ஓடும் கணக்கில், ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்குதான் என்னிடம் இருக்கிறது. டப்பாவைத் திறந்தால் காடி நெடி அடிக்கிறது. அந்தக் காலத்து அசிட்டேட் ஃபிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் இப்படித்தான் புளித்து நாறும். இன்னும் எத்தனை வருஷம் தாங்குமோ.

அந்தத் துண்டை எனக்குக் கொடுத்தவர் என் சித்தப்பா. படம் 'அந்த நாள்'. வருஷம் 1976, கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அறுவடை முடிந்த வயலை ஒட்டிய மேட்டில் ஒரு டூரிங் டாக்கீஸ் போட்டிருந்தார்கள். கீற்றுக் கூரை, பக்கத்துக்குத் தட்டி, தரைக்கு ஆற்று மணல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு மண்சுவர். தரை டிக்கெட், பெஞ்சு, கடைசியில் இரண்டு வரிசை மடக்கு நாற்காலி. பொழுது சாய்ந்ததும் கூம்பு ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையார் பாட்டைத் தொடங்குவார். அந்தக் குரல் வாய்க்காலைத் தாண்டி வந்து எங்கள் வளவுக்குள் நுழையும்போது அடுப்படியில் அம்மாவின் கை வேகமாகும். அந்தப் பாட்டு முடிவதற்குள் சாப்பாடு முடிந்தாக வேண்டும்.

சித்தப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவர். வயலில் இறங்கச் சொன்னால் முகம் சுருங்கும். கொட்டகை வந்த மூன்றாம் நாளே ஆபரேட்டர் அண்ணாச்சிக்குக் கையாளாகச் சேர்ந்துவிட்டார். சம்பளம் உண்டா, கிடையாதா என்பதே எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். எனக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. சித்தப்பா இருந்ததால் எனக்கு மெஷின் ரூமுக்குள் போக வழி கிடைத்தது.

மெஷின் ரூம் என்றால் நாலு பக்கமும் தகரம் அடித்த ஒரு அறை. உள்ளே சூடு முகத்தில் அறையும். ஒரே ஒரு புரொஜெக்டர். அதன் விளக்குக் கூண்டுக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி பார்த்தபடி நிற்கும். நடுவில் எரிகிற வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, ஒரு கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். எரிய எரியக் குச்சி குறையும். குறைந்த அளவுக்குத் திருகைத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அசந்தால் வெளியே படம் மங்கும், தரையிலிருந்து விசில் பறக்கும். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிஷம் ஓடும். இன்னொரு மெஷின் கிடையாதென்பதால் ரீல் தீர்ந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அந்த இடைவெளிகளில் முறுக்கும் கடலைமிட்டாயும் விற்கும். எல்லாப் படமும் எங்களுக்கு அப்படித் துண்டு துண்டாகத்தான் வந்தது.

ஒரு மத்தியானம் சித்தப்பா ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். படக் கட்டங்களுக்குப் பக்கத்தில், ஓரத்துத் துளைகளை ஒட்டி, ஒரு கோடு நெளிந்து நெளிந்து போகும். அதுதான் சத்தம்.

"ஏல, இந்தக் கட்டத்துல இவன் வாயத் தொறக்கான் பாரு. இவன் சத்தம் இந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல இருக்கும்னுதான நெனைக்கே?"

"ஆமா."

"கெடையாது. இருபது கட்டம் தள்ளி இருக்கும். படம் லென்ஸ்கிட்ட வரும்போது சத்தம் அங்க கீழ சவுண்டு தலைகிட்ட வரணும்லா. அதுக்காகத் தள்ளி அடிச்சிருக்கான். மெஷின்ல மாட்டி ஓட்டுனாத்தான் ரெண்டும் சேரும்."

எனக்கு அது நம்பவே முடியாத அதிசயமாக இருந்தது. ஒரு மனிதனின் முகமும் அவன் குரலும் ஒரே சுருளில் வேறு வேறு இடத்தில் கிடக்கின்றன. துண்டாக வெட்டி எடுத்தால் முகத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது வேறு எதனுடைய சத்தமோ. இன்று இந்த நாலு கட்டத்தைப் பார்க்கும்போதும் முதலில் அந்த ஓரக் கோட்டைத்தான் பார்க்கிறேன். சாய்கிற மனிதனுக்குப் பக்கத்தில் எந்த நொடியின் சத்தம் இருக்கிறதோ தெரியாது.

'அந்த நாள்' பெட்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பஸ் கூரையிலிருந்து இறக்கி சித்தப்பாதான் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். சிவாஜி படம் என்றதும் ஊரில் ஒரே பரபரப்பு. படம் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாட்டே கிடையாது, சண்டை கிடையாது, டான்ஸ் கிடையாது என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். "பாட்டு இல்லாம சிவாஜி படமா?" என்று யாரும் நம்பவில்லை.

அன்று பார்த்து ஆபரேட்டர் அண்ணாச்சிக்குக் குளிர்காய்ச்சல். பெட்டியிலிருந்த டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த நம்பர்ச் சீட்டு பாதி கிழிந்திருந்தது. முந்தின கொட்டகைக்காரர்கள் ரீலைத் திருப்பிச் சுற்றாமலும் அனுப்பியிருந்தார்கள். சித்தப்பா வேர்க்க விறுவிறுக்க ஒவ்வொன்றாகச் சுற்றினார். நான் அறை மூலையில் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்து, சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே துப்பாக்கி வெடித்தது. சிவாஜி செத்து விழுந்தார். தரை டிக்கெட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அப்படியே அடங்கியது. கதாநாயகன் போய்விட்டானே, இனிமேல் என்ன இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்குப் பிறகுதான் எல்லாமே இருந்தது. பக்கத்து வீட்டு சின்னையா பிள்ளை ஓடிப்போய்ப் போலீசிடம் சொல்கிறார். துப்பறிகிற சிவானந்தமாக ஜாவர் சீதாராமன் வருகிறார். யார் கொன்றிருப்பார்கள் என்று ஒவ்வொருவரையாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் செத்தவர் மறுபடி எழுந்து வந்து நடமாடுகிறார், பேசுகிறார், கோபப்படுகிறார். ஒருவர் கதையில் தெரிகிற மனிதர் அடுத்தவர் கதையில் இல்லை. செத்தவரின் மனைவி உஷாவாக வரும் பண்டரிபாய் ஒருத்திதான் ஒன்றும் சொல்லாமல், துக்கத்தில் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி ரீல் முடிந்து கூட்டம் கலைந்தது. சித்தப்பா விளக்குக் கூண்டை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"படம் புரிஞ்சுதால?"

"புரிஞ்சுது சித்தப்பா."

"நடுவுல ஒரு ரீலை மாத்தி ஓட்டிட்டேன். பின்னால வாரது முன்னால போயிட்டு. ஒருத்தனும் சத்தம் போடலயே மக்கா."

மறுநாள் ரீல் சரியான வரிசையில் ஓடியது. இரண்டு ராத்திரியும் பார்த்தவன் ஊரில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். முதல் ராத்திரி, செத்தவரின் தம்பி பெண்டாட்டி ஹேமா எடுத்த எடுப்பில் ஆட்டக்காரி அம்புஜத்தின் மேல் பழி போட்டாள். எனக்கு ஹேமாவைப் பிடிக்கவே இல்லை. பொல்லாத பொம்பளை என்று மனசுக்குள் திட்டினேன். இரண்டாம் ராத்திரி பார்த்தால், அவளுக்கு முன்னால் அவள் புருஷன் பட்டாபி பேசுகிறான். கட்டிய பெண்டாட்டியையே அவன் காட்டிக்கொடுக்கிறான். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கிறாள். அதே முகம், அதே வசனம், அதே ஹேமா. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ரீல் இடம் மாறியதில் ஒரு பெண் பொல்லாதவளாகவும் பாவப்பட்டவளாகவும் ஆக முடியும் என்பதைப் பத்து வயதில், தகர அறையின் புழுக்கத்தில் தெரிந்துகொண்டேன்.

படம் நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில். அதைக் கேட்டதும் எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது.

ஆச்சியும் தாத்தாவும் கல்யாணமான புதிதில் சென்னையில் இருந்தவர்கள். தாத்தாவுக்குப் பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு வேலை. குண்டு போட்ட கதை ஆச்சி அடிக்கடி சொல்வாள். ராத்திரி கடற்கரைப் பக்கம் பெரிய வெளிச்சம், எண்ணெய்த் தொட்டி தீப்பிடித்து எரிந்தது, மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலியையெல்லாம் சுட்டார்கள், அந்தச் சத்தம் கேட்டுக் கைக்குழந்தையோடு ரயிலேறி ஓடி வந்தோம் என்பாள். சொல்லும்போது தோள் சிலிர்க்கும். நாங்கள் அவள் மடியோடு ஒட்டிக்கொள்வோம்.

காலேஜில் சரித்திரம் படித்தபோதுதான் அந்தக் கதையின் ரீல்கள் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. எண்ணெய்த் தொட்டி எரிந்தது 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு வீசியபோது. அப்போது ஆச்சி பிறக்கவே இல்லை. அது அவள் மாமியார் சொன்ன கதை. கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியது 1942 ஏப்ரலில். கொழும்பில் குண்டு விழுந்தது, அடுத்த நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது, அடுத்தது சென்னைதான் என்று ஊரே கிடுகிடுத்த சமயம். மிருகங்களைச் சுட்டதும் அந்தக் கலக்கத்தில்தான்; குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்ற பயம். ஆச்சி ரயிலேறியது அப்போது. சென்னையில் உண்மையிலேயே ஜப்பான் விமானம் குண்டு போட்டதோ 1943 அக்டோபரில். அன்றைக்கு ஆச்சி எங்கள் ஊர் வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

ஆச்சி பொய் சொன்னாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மூன்று பயம் அவளுக்குள் ஒரே பயமாக ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷத்துத் தேதிகள் இளகி ஒரே ராத்திரியாகிவிட்டன. அந்த ராத்திரிக்குள் அவள் நிஜமாகவே நின்றிருந்தாள்.

சித்தப்பா வீட்டை விட்டுப் போனது அந்தக் கோடையின் கடைசியில். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாலைந்து நாள் இருந்தது. ராத்திரி திண்ணையில் பெரிய சத்தம். அப்பாவின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். காலையில் எழுந்தபோது கொடியில் சித்தப்பாவின் சட்டை இல்லை. தாத்தாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஆச்சி அழுதுகொண்டிருந்தாள். அப்படி ஓர் அழுகையை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. யார் தேற்றியும் நிற்கவில்லை. மூன்று நாள் வெறும் நீராகாரம்தான்.

ஏன் போனார் என்பதற்கு எங்கள் வளவில் பல கதைகள். எதிர்வீட்டுப் பெரியவர், "அண்ணங்காரன் வயல்ல பங்கு தரமாட்டேன்னுட்டான், அதான் போயிட்டான்" என்றார். அவருக்கும் அப்பாவுக்கும் வரப்புத் தகராறு நெடுநாளாக உண்டு. அப்பா என்னிடமே ஒருமுறை சொன்னார்: "உங்கம்மா நாக்கு இருக்கே, அது ஒருத்தனை இந்த வீட்டுல சோறு திங்க விடாது." அம்மா அதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை. ராத்திரி எனக்குச் சோறு பிசைந்து போடும்போது, "கொட்டகைக்காரன்தான் கூட்டிட்டுப் போயிட்டான். சினிமாவக் காட்டிப் புள்ளயக் கெடுத்துட்டான்" என்றாள். கொட்டகை பிரிக்கும் நாளில் ஆபரேட்டர் அண்ணாச்சி என் தலையைத் தடவி, "அவன் தொழிலு படிச்ச பய. இந்த ஊர விட்டு அவன வெரட்டுனது உங்க எதிர்வீட்டுக்காரரு மாதிரி ஆளுக பேச்சுதான்" என்றார்.

ஒவ்வொருவர் சொல்லும்போதும் சித்தப்பா எழுந்து வந்து அவரவர் சொன்னபடி நின்றார். ஒருவர் கதையில் ஏமாந்தவர், ஒருவர் கதையில் சோம்பேறி, ஒருவர் கதையில் கெட்டுப்போன பிள்ளை, ஒருவர் கதையில் கெட்டிக்காரர். எனக்கு 'அந்த நாள்' படமே வீட்டுக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது. ஒருவர் விரல் நீட்டும்போது, எதிரே நிற்பவரைவிட நீட்டுகிறவரைத்தான் நன்றாகப் பார்க்க முடிகிறது. அப்பா அம்மாவைக் காட்டிய அன்று அப்பாவுக்குள் இருந்த குற்ற உணர்ச்சி எனக்குத் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. தம்பியைத் திட்டிவிட்டு அந்தக் கனத்தை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

ஆச்சி மட்டும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் படத்தை எடுத்தவரைப் பற்றி வளர்ந்த பிறகு தேடித் தேடிப் படித்தேன். வீணை எஸ். பாலசந்தர். கே. பாலசந்தரோடு இவரைக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. 1927 ஜனவரி 18இல் பிறந்தவர். 'அந்த நாள்' 1954 ஏப்ரல் 13 அன்று வெளிவந்தபோது அவருக்கு வயது 27. பின்னாளில் உலகமெங்கும் வீணையைக் கொண்டுபோன அந்தக் கைகள் அப்போது ஒரு பாட்டுகூட இல்லாத ஒரு படத்தை எடுத்தன. தமிழ்ப் படத்தில் பாட்டு இல்லாவிட்டால் கூட்டம் வராது என்று எல்லோரும் நம்பிய காலம். இசையே மூச்சான ஒருவர் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்ததை நான் பெரிய நேர்மையாக நினைக்கிறேன். யார் பொய் சொல்கிறார்கள் என்று காது கூர்ந்து கேட்க வேண்டிய கதை. நடுவில் ஒரு பாட்டு வந்தால் அந்தக் கவனம் கலைந்துபோகும்.

அகிரா குரோசவாவின் 'ராஷோமோன்' 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. அதைத் திரைப்பட விழாவில் பார்த்த பாலசந்தர், அந்த முறையில் முதலில் ஒரு நாடகம் எழுதினார். வானொலியில் அது ஏற்கப்படவில்லை. அதன் பிறகு ஏ.வி. மெய்யப்பன் படமாக எடுக்க முன்வந்தார். திரைக்கதையும் வசனமும் ஜாவர் சீதாராமன், ஒளிப்பதிவு மாருதி ராவ். கதாநாயகனாக முதலில் வேறொருவரைப் போட்டு நிறையப் படம்பிடித்து, அது திருப்தியாகாமல், பிறகுதான் சிவாஜி வந்தார். 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சிவாஜி, தேசத்தைக் காட்டிக்கொடுக்கிற ஒரு ரேடியோ இன்ஜினீயராக, முதல் காட்சியிலேயே சாகிறவராக நடிக்கச் சம்மதித்தார். வெளிவந்தபோது படம் பெரிதாக ஓடவில்லை. மதிப்பு பின்னால்தான் வந்தது.

'ராஷோமோன்' படத்தைக் காலேஜ் நாட்களில் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் பார்த்தேன். காட்டுக்குள் ஒரு சாவு, நாலு வாக்குமூலம், கடைசிவரை எது உண்மை என்று யாரும் தீர்த்துச் சொல்வதில்லை. பாலசந்தர் அப்படி விடவில்லை. அவர் படத்தில் உண்மை ஒன்று உண்டு, அது கடைசியில் வெளியே வருகிறது. செத்தவனை நேசித்தவள், எல்லோரையும்விட அதிகம் துக்கப்பட்டவள், அந்த உஷாதான் துப்பாக்கியைக் கையில் எடுத்தவள். தேசமா புருஷனா என்ற இடத்தில் அவள் நின்றதைப் படம் அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறது. காதலித்த நாளிலிருந்து அவள் தொடங்குகிறாள். சாவில் தொடங்கிய படம் காதலுக்குப் பின்னோக்கிப் போய், அங்கிருந்து மறுபடி சாவுக்கு வருகிறது. அந்த வழியே வந்தவர்களுக்கு அவளைக் குற்றவாளி என்று சொல்ல வாய் வராது. நேர்வரிசையில் சொல்லியிருந்தால் அது ஒரு துரோகியின் கதை. பின்னாலிருந்து சொன்னதால் அது ஒரு மனைவியின் கதையானது.

'அந்த நாள்' படத்தை மூன்றாம் முறை, முப்பது வயதில், தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குள் கிடந்த ஒரு கட்டம் இடம் மாறியது.

அந்தக் கோடையில் சித்தப்பா கொடுத்த துண்டு ஃபிலிம்களை வைத்து நாங்கள் வீட்டில் படம் காட்டுவோம். ஃபிலிம் அறுந்து ஒட்டும்போது இரண்டு மூன்று கட்டம் வெட்டி எறிவார்கள். அதெல்லாம் எங்கள் சொத்து. ஃபியூஸ் போன பல்பின் அடிக்கட்டையைப் பக்குவமாக உடைத்து, உள்ளே இருக்கிற கம்பியை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் லென்ஸ். நெல் அறையின் ஜன்னலை அடைத்து, ஒரு அட்டையில் கட்டம் அளவுக்கு ஓட்டை போட்டுப் பொருத்த வேண்டும். வெளியே முற்றத்தில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலை அந்த ஓட்டைக்குள் திருப்ப வேண்டும். ஃபிலிமைத் தலைகீழாகச் செருகினால் எதிரே கட்டிய வேட்டியில் படம் நேராக விழும். வெயில் நகர நகரக் கண்ணாடியும் நகர வேண்டும். கண்ணாடி பிடிக்கிறவர் கை ஆடினால் சிவாஜி ஆடுவார்.

ஒரு நாள் மத்தியானம் கண்ணாடி பிடித்தது சித்தப்பா. முற்றத்திலிருந்து அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே நானும் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும். சாய்கிற சிவாஜியின் கட்டத்தைச் செருகியிருந்தேன். ஆச்சி நெல் அள்ள வந்தவள், "என்னடே இருட்டுக்குள்ள?" என்று கேட்டபடி குதிருக்குப் பக்கத்தில் வெளிச்சத்தின் குறுக்கே குனிந்தாள். வேட்டியில் சிவாஜியின் தோள் மேல் அவள் தலையின் நிழல் விழுந்தது. நிழலின் ஓரத்தில் ஒரு நீண்ட வளையம் தொங்கியது. வளையத்துக்குள் வெளிச்சம் தெரிந்தது. பல்பில் ஏதோ அழுக்கு என்று நினைத்து நான் அதைத் துடைத்தேன். ஆச்சி நிமிர்ந்ததும் வளையம் போய்விட்டது.

அவ்வளவுதான் அந்தக் கட்டம். இருபது வருஷம் எனக்குள் அர்த்தமில்லாமல் கிடந்தது.

ஆச்சி இரண்டு காதிலும் பாம்படம் போட்டிருந்தவள். அரக்கு அடைத்த தங்கப் பாம்படம். அதன் கனத்தில் காதுத் துளை தோள்வரை இறங்கித் தொங்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்ன கணக்கு இது: சித்தப்பா போன பிறகு, அவரைத் தேடி ஆள் அனுப்பச் செலவுக்கு ஆச்சி ஒரு பக்கத்துப் பாம்படத்தைக் கழற்றி விற்றாள். அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தாழும். நானும் அப்படியே நம்பினேன். முதலில் சித்தப்பா போனார், அதற்குப் பின்னால் காது வெறுமையானது. எனக்குத் தெரிந்த வரிசை அதுதான்.

டி.வி.யில் பண்டரிபாய் பேசத் தொடங்கியதும் அந்த நிழல் எனக்கு முன்னால் வந்து நின்றது. வெறும் துளை. நடுவில் வெளிச்சம். வெளியே முற்றத்தில் கண்ணாடியைப் பிடித்தபடி சித்தப்பா சிரிக்கிற சத்தம். அவர் அன்று வீட்டில்தான் இருந்தார். அப்படியானால் பாம்படம் முன்னாலேயே போய்விட்டது. திண்ணையில் சத்தம் நடக்கும் முன்னாலேயே, அப்பா வாயைத் திறக்கும் முன்னாலேயே. ஆச்சி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அந்த நாட்களில் நடமாடியதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. எந்தப் பிள்ளை இந்த ஊரில் வாடிப்போகிறான் என்று பார்த்து, அவனுக்கு வழிச்செலவு கொடுத்து, போ என்று சொன்னவள் அவள்தான். சொல்லிவிட்டு, எல்லோரையும்விட அதிகம் அழுதவளும் அவள்தான்.

அந்த அழுகையின் சத்தமும் அந்த நிழலும் எனக்குள் இத்தனை வருஷம் வேறு வேறு இடத்தில் கிடந்தன. இருபது கட்டம் தள்ளி. ஒரு படம் வந்து இரண்டையும் ஒன்றாக ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

அதற்குள் ஆச்சி இல்லை. 1989இல் போய்விட்டாள். சித்தப்பா பம்பாயிலிருந்து வந்திருந்தார். ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார் அப்போது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைமாட்டில் உட்கார்ந்து, ஆச்சியின் வெறும் காதை இரண்டு விரலால் தொட்டு, தொங்கிய அந்தத் துளையை மெல்ல மூடுவது போலப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. துக்கத்தில் ஏதோ செய்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அந்தக் கட்டமும் பின்னால்தான் தன் இடத்துக்கு வந்தது.

போன வருஷம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். எண்பது தாண்டியவர், காது மந்தம். நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் வைததுனால அவன் போகலயா?" என்றார்.

"இல்லப்பா. ஆச்சி அனுப்பித்தான் போனாங்க."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், துவைத்து மடித்து வைத்திருந்த ஒரு வேட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அந்த நெல் அறையில் இப்போது நெல் இல்லை, என் தங்கை பிள்ளைகளின் பழைய சைக்கிள்கள் நிற்கின்றன. ஜன்னலை அடைத்தோம். ஃபியூஸ் போன பல்பு தேடக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. தண்ணீர் நிரப்பி, சுருங்கிப்போன அந்தத் துண்டைத் தலைகீழாகச் செருகினேன். முற்றத்தில் கண்ணாடியைப் பிடித்தது அப்பா. அவர் கை நடுங்க நடுங்க, வேட்டியில் அந்த மனிதனின் தோள் அசைந்துகொண்டே இருந்தது.